எலி மேடத்தின் கை

எங்கள் வீட்டுக் கீழ்ப் போர்ஷனில் குடியிருந்த காலேஜ் மேடத்தை நான் முதன்முதலில் சரியாகப் பார்த்தது, அவர் ஒரு ஆளை அறைந்தபோதுதான். குடிவந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. சாவி வாங்கும்போது குனிந்த தலை நிமிராமல் "சரிங்கக்கா, சரிங்கக்கா" என்று சொன்ன பெண் அவர். நல்ல சாதுவான குடித்தனம் கிடைத்திருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

செங்கம் ரோட்டிலிருந்து எங்கள் சந்து திரும்பும் இடத்தில் ஒருவன் காலையில் மூலிகை ஜூஸ் வண்டி போடுவான். மலை சுற்றி வருபவர்களும் ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்களும் வாங்கிக் குடிப்பார்கள். அன்றைக்குப் புதிதாக ஒரு போர்டு மாட்டியிருந்தான். கீழாநெல்லி ஜூஸ், ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைந்தது, கேன்சருக்கு ரேடியேஷன் கதிர் வைத்துக்கொள்பவர்களின் கல்லீரலைக் காக்கும், நம்மூர் காலேஜ் கண்டுபிடிப்பு என்று பச்சைப் பெயின்டில் எழுதியிருந்தது. மேடம் வண்டிக்கு முன்னால் நின்று அதை முழுதாகப் படித்தார். நான் பால் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன்.

"இத யாரு கண்டுபிடிச்சது?" என்று கேட்டார்.

"நம்ம காலேஜ் மேடம் ஒருத்தங்க. கேன்சர்காரங்களுக்கெல்லாம் குடுத்துப் பார்த்தாங்களாம். நூத்துக்கு நூறு குணமாம்," என்றான் அவன்.

பளாரென்று விழுந்தது. அவன் உதடு பல்லில் பட்டுக் கிழிந்துவிட்டது. பழம் நறுக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தான். மேடம் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. ஜூஸ் குண்டானை இரண்டு கையாலும் தூக்கி அவன் தலையிலேயே கவிழ்த்தார். கண்ணெல்லாம் பச்சையாக வழிய அவன் குருட்டாம்போக்கில் கத்தியை வீச, அது அவர் முழங்கையைக் கிழித்தது. அதற்குள் ஆட்டோக்காரர்கள் ஓடிவந்து இரண்டு பேரையும் பிடித்துக்கொண்டார்கள்.

"எலிக்குய்யா," என்றார் மேடம். மூச்சு வாங்கியது. "எலிக்குக் குடுத்தேன். கதிர் வெக்கறதுக்கு முன்னாடி குடுத்தேன். அதுங்க ஈரல் கொஞ்சம் கம்மியா கெட்டுப்போச்சு. அவ்ளோதான். மனுஷனுக்கு இன்னா ஆவும்னு எனக்கே தெரியாது."

அப்புறம், தன் கையில் ரத்தம் ஒழுக ஒழுக, அவன் உதட்டைத் தன் முந்தானையாலேயே துடைத்தும் விட்டார். மறுநாள் போர்டில் ஜூஸின் பெயர் மட்டும்தான் இருந்தது. தெருவில் இவருக்கும் பெயர் வைத்தாயிற்று, எலி மேடம் என்று.

காலேஜில் விலங்கியல் பாடம் எடுத்தார். புருஷன் உண்டா என்று தெருவே சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தது, பதில் வரவில்லை. குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவருக்குக் கோபம் வராது. கறிகாய்க்காரி சொத்தைக் கத்தரிக்காயைத் தலையில் கட்டினாலும் வராது. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி யாராவது சொன்னால் போதும், கை எழுந்துவிடும். அப்படிப் பார்த்தால் நம் ஊரில் யார்தான் அடி வாங்காமல் தப்ப முடியும்? காவி கட்டிய ஒருவர் எங்கள் வாசலில் நின்று மேடத்தைப் பார்த்து, "உனக்குத் தாலி பாக்கியம் கிடையாது, ஏழு ஜென்மப் பாவம்" என்று ஆரம்பித்தார். சொம்பு நெளிந்து, தாடியில் கொஞ்சம் குறைந்து திரும்பிப் போனார். காலேஜ் மேடையில் ஒரு சார் மைக்கைப் பிடித்து, மேடத்தின் மருந்து சீக்கிரமே மனிதர்களையும் கதிரிலிருந்து காப்பாற்றப் போகிறது என்று கைதட்டல் வாங்கினார். இவர் மேடையேறி அந்த மைக்காலேயே அவர் நெற்றியில் போட்டார். அவருக்குத் தையல், இவருக்கு சஸ்பென்ஷன்.

சஸ்பென்ஷன் காலத்தில் எனக்குச் சமையலறையில் துணையாக உட்கார்ந்திருப்பார். அப்போதுதான் ஒருநாள், வாழைப்பூவை நறுக்கி மோர்த்தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்த என்னிடம், எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டார். போடாவிட்டால் கறுத்துப்போகும் என்றேன்.

"அதாங்கக்கா என் வேலையும். காத்து பட்டா பூ கறுக்குது இல்ல? கதிர் பட்டா உடம்புல இருக்கற தண்ணியே உடையும். உடைஞ்ச துண்டுங்க சும்மா இருக்காது. பக்கத்துல இருக்கறதையெல்லாம் அடிச்சு நொறுக்கும். ஈரல் பாவம், ஓட முடியாது, வாங்கிக்கும். இந்தக் கீழாநெல்லியில இருக்கற சத்து குறுக்க போய் நின்னு அந்த அடியத் தான் வாங்கிக்குது. அதுக்குப் பேருதான் ஆன்டிஆக்ஸிடன்ட்."

"எலிக்கு," என்றேன் நான் ஜாக்கிரதையாக.

வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்தால் வீடு அதிரும்.

ஒருமுறை அவர் மறந்துவிட்டுப் போன சாவியைக் கொடுக்க காலேஜுக்குப் போயிருந்தேன். வெளியூர் ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோய்க் கதிர் வைத்துத் திரும்பக் கொண்டுவந்த எலிகள் கூண்டில் இருந்தன. வெள்ளை வெளேரென்று, கண் மட்டும் சிவப்பு. அவற்றைக் கொன்று ஈரலை எடுத்துப் பார்க்கும் நாள் அது. வெளியே நில்லுங்கள் என்றார், நான் எட்டிப் பார்த்தேன். ஒன்றை எடுத்துக் கட்டை விரலால் தலைமேல் தடவினார். அடுத்த நொடி கழுத்தில் ஒரு இழுப்பு. சத்தமே இல்லை. கத்தரிக்கோல் வயிற்றைப் பிளந்தது, உதிர்ந்த பூவிதழ் மாதிரி ஈரல் கையில் வந்துவிட்டது. அடுத்தது, அதற்கடுத்தது. தடவாமல் ஒன்றைக்கூடக் கொல்லவில்லை. சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிவந்துவிட்டேன்.

"கை நடுங்கினா அதுங்களுக்கு வலிக்கும்க்கா," என்றார் சாயந்தரம். "அதான் வேகமா பண்றேன்." அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எலி கொன்ற நாட்களில் சாப்பிட மாட்டார் என்று எனக்குப் போகப் போகத்தான் புரிந்தது.

மாடி அறைகளை நாங்கள் வெள்ளைக்காரர்களுக்கு விட்டிருந்தோம். ஒரு பெண், ஆன்டிஆக்ஸிடன்ட் குடித்தால் போன பிறவிக் கறைகூடக் கரைந்துவிடும் என்று மேடத்திடமே விளக்கிக்கொண்டிருந்தாள். நல்லவேளை, கன்னத்துக்குப் போகவில்லை. அவள் கையிலிருந்த கண்ணாடி டம்ளரைப் பிடுங்கிச் சுவரில் அடித்தார். சில்லு தெறித்து அந்தப் பெண்ணின் காலில் ரத்தம். என் பிழைப்பில் மண் விழுந்தது என்று நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். அவளோ கண்ணீர் மல்கக் கும்பிட்டாள். மறுநாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து மேடம் வீட்டு வாசலில் கண்ணை மூடி உட்கார்ந்துவிட்டாள். நல்ல குருவை அடியிலிருந்துதான் அறிய முடியுமாம். மேடம் வாளித் தண்ணீரை ஊற்றி விரட்ட வேண்டியிருந்தது.

"அடி உதவற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க," என்று நான் கிண்டல் செய்தேன். அவருக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

தம்பிக்காரன் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டயர் கடை வைத்திருந்தான். அம்மா, பெண்டாட்டியோடு அடி அண்ணாமலை கிராமத்தில் இருந்தான். கட்டை குட்டையான ஆள், புஜம் இரண்டும் உருண்டு நிற்கும். அவனும் அடிக்கிற ஜாதிதான். அவன் அம்மா ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "எங்க வூட்டுக்காரரு குடிச்சிட்டு வந்து பெல்ட்ட எடுப்பாரு. சின்னவன் பயந்து மூலைல ஒண்டிக்குவான். இவ குறுக்க போய் நின்னு எல்லாத்தையும் முதுகுல வாங்குவா. இவ முதுகப் பார்த்திருக்கியாம்மா நீ?" நான் பார்த்ததில்லை. எப்போதும் கழுத்து வரை மூடிய ரவிக்கைதான் போடுவார்.

அந்தத் தம்பிக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். வேர் ஏதாவது மிச்சமிருந்தால் கருகட்டும் என்று கதிர் வைக்கச் சொன்னார்கள். கல்லீரலின் ஓரத்திலும் கொஞ்சம் படும், தவிர்க்க முடியாது என்று டாக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். மேடம்தான் தினமும் காரில் கூட்டிக்கொண்டு போய் வந்தார். போகும்போதும் சண்டை, வரும்போதும் சண்டை. அவன் கேட்டது ஒன்றே ஒன்று, அந்தக் கீழாநெல்லி மருந்து. இவர் மாட்டேன் என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் டயர் கழற்றும் இரும்புப் பட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்தான். ஆள் பாதியாக இளைத்திருந்தான், ஆனால் வெறி இளைக்கவில்லை. மருந்து உள்ளே இருக்கும் என்று அவர் ஃப்ரிட்ஜின் கதவை நெம்பிப் பெயர்த்தான். உள்ளே மோரும் தக்காளியும்தான் இருந்தன. எல்லாவற்றையும் தரையில் போட்டு மிதித்தான். தடுக்கப் போன மேடத்தின் வாயில் இரும்பு பட்டு முன்பல் ஒன்று தெறித்தது. அவர் சப்பாத்திக் கட்டையை எடுத்து அவன் மணிக்கட்டில் இறக்கினார். எலும்பு முறிந்த சத்தம் வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

இரும்பு கீழே விழுந்தது. அவன் அங்கேயே சரிந்து உட்கார்ந்தான்.

"எலிக்குக் குடுக்கற. கூடப் பொறந்தவனுக்குக் குடுக்க மாட்டியா?" என்று கேட்டான். கத்தவில்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது.

மேடம் வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பிவிட்டு அவன் எதிரில் உட்கார்ந்தார். "எலிக்குக் குடுத்துட்டு அறுத்துப் பார்ப்பேன்டா. உன்ன அறுத்தா பார்க்க முடியும்? கேளு. அந்த மருந்து ஈரலுக்குக் குறுக்க நின்னு அடி வாங்கும். கட்டிக்கும் குறுக்க நின்னு வாங்கிச்சுன்னா? மிச்சம் இருக்கற கட்டியக் காப்பாத்தறதுக்கா உன்ன தெனம் இட்டுனு போறேன்? டாக்டரும் கூடாதுன்னுதான் சொல்றாரு."

"காப்பாத்தும்னு தெரியுமா உனக்கு?"

"தெரியாது."

"காப்பாத்தாதுன்னு தெரியுமா?"

"அதுவும் தெரியாதுடா."

அவன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு முறியாத கையால் தரையில் கிடந்த பல்லை எடுத்து அவரிடம் கொடுத்தான். மறுநாள் காலையில் இவர் வாயில் பஞ்சும் அவன் கையில் மாவுக்கட்டுமாக இரண்டு பேரும் அதே காரில் ஏறிப் போனார்கள். நான் என் பங்குக்கு இட்லி கட்டிக் கொடுத்தேன், வேறு என்ன செய்வது என்று எனக்குத் தோன்றவில்லை.

கதிர் முடிய இன்னும் சில நாள்தான் பாக்கி என்றிருக்கும்போது அவன் கண் மஞ்சளாயிற்று. அன்றைக்குச் சனிக்கிழமை, கதிர் கிடையாது, மேடம் காலேஜில் இருந்தார். அம்மாக்காரி ஆஸ்பத்திரியைப் பற்றி யோசிக்கவே இல்லை. கண் மஞ்சளானால் காமாலை, காமாலைக்குச் சூடு போட வேண்டும், அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவள் மாமியாருக்குப் போட்டார்கள், அவளுக்கும் போட்டார்கள், அந்தத் தழும்பு அவள் கையில் இன்னும் இருக்கிறது. ஊருக்குள்ளே சூடு போடும் ஆள் ஒருவன் இருந்தான். அங்கே மகனை அழைத்துக்கொண்டு போய்விட்டாள்.

தம்பியின் பெண்டாட்டி பயந்துபோய் எனக்குப் போன் போட்டாள். நான் மேடத்துக்குச் சொன்னேன். ஆட்டோவில் இருவரும் போனோம்.

வேப்ப மரத்தடியில் தம்பியை உட்கார வைத்து இரண்டு பேர் தோளை அழுத்திப் பிடித்திருந்தார்கள். மாவுக்கட்டு இல்லாத கையில் ஏற்கனவே ஒரு சூடு விழுந்திருந்தது. கருகிய சதை நாற்றம் வாசலிலேயே அடித்தது. அடுத்ததற்குக் கம்பி அடுப்பில் சிவந்துகொண்டிருந்தது. அந்த ஆள் கம்பியை எடுத்து, "இதோட மஞ்ச இறங்கிடும், நான் கேரண்டி," என்றான்.

மேடம் அடுப்பை உதைத்தார். கங்கு நாலாபக்கமும் சிதறியது. அவன் கையிலிருந்த கம்பியைப் பிடுங்கினார், சிவந்த முனையைப் பிடித்தே பிடுங்கினார். உள்ளங்கை பொசுங்கியது எனக்குத் தெரிந்தது, அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை. அந்தக் கம்பியாலேயே அவன் தோளில், முதுகில், ஓடினவனைத் துரத்திப் பிட்டத்தில் அடித்தார். சூடு போட்டவனின் பெண்டாட்டி வந்து இவர் முடியைப் பிடித்து இழுத்துத் தரையில் சாய்த்தாள். பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் தம்பியை விட்டுவிட்டு இவரை மிதித்தார்கள். நான் கத்தினேன். ஆட்டோக்காரர் ஸ்பேனரோடு வராவிட்டால் அங்கேயே தீர்த்திருப்பார்கள்.

அவர் எழுந்து நின்றபோது அம்மாக்காரி செருப்பைக் கழற்றி அவர் முகத்தில் அடித்தாள்.

"நீயும் குடுக்க மாட்ட. குடுக்கறவன்கிட்டயும் வுட மாட்ட. இன்னாதான்டி பண்ணச் சொல்ற என்ன? என் புள்ளைய எலி மாதிரி சாவடிக்கிறியா?"

மேடம் அந்த அடியை வாங்கிக்கொண்டார். தம்பியைக் குழந்தை மாதிரி இடுப்போடு அணைத்து ஆட்டோவில் ஏற்றினார். அவன் அவர் மடியில் தலை வைத்துப் படுத்தான். "எரியுதுக்கா," என்றான். அவர் அவன் கையில் ஊதிக்கொண்டே வந்தார். தன்னுடைய பொசுங்கிய கையை விரித்தபடி ஆட்டோவுக்கு வெளியே நீட்டியிருந்தார்.

ஆஸ்பத்திரியில் கதிரை நிறுத்திவிட்டார்கள். கல்லீரல் கெட்டுவிட்டது, கதிராலா கட்டி பரவியதாலா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்றார் டாக்டர். தெரியாததைத் தெரியாது என்று சொன்ன அந்த டாக்டரை மேடம் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் யாரையும் கும்பிட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். கார்த்திகை பிறப்பதற்குள் தம்பி போய்விட்டான். வயிறு வீங்கி, கடைசியில் அக்காவையே அடையாளம் தெரியாமல் திட்டிக்கொண்டே போனான். கனவில்கூட அவனுக்கு அந்த மருந்து பாட்டில்தான் வந்ததாம்.

இழவு வீட்டில் மேடத்தை யாரும் அடிக்கவில்லை. பக்கத்தில்கூட வரவில்லை. பெண்கள் வட்டமாகக் கட்டிப்பிடித்து அழுதார்கள், அந்த வட்டத்தில் அவருக்கு இடம் விடவில்லை. அவர் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை. "பாறாங்கல்லு" என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். எனக்கு அவளை அறையலாம் போலிருந்தது. என் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை.

கருமாதி முடிந்த மறுநாள் மத்தியானம் என் வீட்டுப் பின்கட்டுக்கு வந்தார். நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். கிணற்றடியில் குந்தி உட்கார்ந்தார். சாப்பிட்டீங்களா என்றேன், தலையை ஆட்டினார். ஆமாமா இல்லையா என்று புரியவில்லை.

"அக்கா, நான் குடுத்திருந்தா பொழச்சிருப்பானா?"

கேட்கிறவருக்கு ஒரு பதில் வேண்டியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எந்தப் பெண் சும்மா இருப்பாள்? சாம்பல் கையைக் கழுவிவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"மாட்டான் மேடம். சத்தியமா பொழச்சிருக்க மாட்டான். நீங்க பண்ணதுதான் சரி. எனக்கு நல்லாத் தெரியும்."

அறைந்தார். என் மூக்குத்தி கழன்று தெறித்தது. காதுக்குள் ரீங்காரம் கேட்டது, வாயில் உப்புக் கரித்தது. என் அம்மாகூட என்னை அப்படி அடித்ததில்லை. கோபத்தில் எழுந்துகொள்ளப் போனேன். அவர் என் புடவைத் தலைப்பை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"தெரியாதுன்னு சொல்லுங்கக்கா," என்றார். "நீங்களாவது சொல்லுங்க."

"தெரியாது மேடம்," என்றேன். "எனக்குத் தெரியாது."

அப்போதுதான் அவர் அழ ஆரம்பித்தார்.